கீழிமை

இன்னும் பேசிட்டுத்தான் இருக்கறார். ஒரு மனுசனுக்குத் தொண்டை வத்தவே வத்தாதா, கெரகம். மூணாந் தடவையா ‘நம்ம டாக்டரம்மா ஒரு தெய்வம்’ங்கறார் இந்த நாச்சிமுத்து, அறக்கட்டளைச் செயலாளர், போன வாரம் இதே தெய்வத்துகிட்டத்தான் ‘மாத்திரையக் கொஞ்சம் பாத்து எழுதுங்க டாக்டர், கட்டுபடியாகலே’ன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுச் சொன்னவரு. தெய்வமாம் தெய்வம். தெய்வத்துக்கு முதுகு வலிக்குது, அதக் கேக்க நாதியில்ல. பொண்ணு மாப்பிள்ளை உக்கார்ற செகப்பு வெல்வெட் நாற்காலியில என்னையும் எலும்பு டாக்டர் வேதமூர்த்தி சாரையும் ஜோடியா உக்கார வெச்சிருக்காங்க, எனக்கு எழுவது தாண்டியாச்சு, அவருக்கு அதுக்கும் மேல, பின்னாடி தெர்மாகோல்ல நேத்துக் கல்யாணம் பண்ணின யாரோ ஒரு பையன் பேரு பாதி உரிச்சும் உரிக்காமயும் தொங்குது. சார் தூங்கிட்டார். கொடுத்து வெச்சவர். எனக்கு எங்க தூக்கம் வருது, கண்ண மூடினா அந்தக் கண்ணுதான் வருது, கண்ணு கூட இல்ல, கீழ் இமை, நான் கட்டை விரலால இழுத்துப் பாத்த அந்த உள்பக்கம், மாதுளங்கா ஒடச்ச மாதிரி செகப்பு. போகட்டும். போய்த் தொலையட்டும். ஒருத்தி வந்தா, பொய் சொன்னா, திட்டினேன், வெளிய அனுப்பினேன். அதோட முடிஞ்சுது.

முடியலையே. அதுக்குன்னு இப்பிடியா உள்ள கெடந்து அரிக்கும். முப்பது வருசத்துக்கு மேல கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு பாத்தவ நான், எனக்குப் பொய் சொல்ற பொம்பளையத் தெரியாதா, மாமியாருக்குப் பயந்து சொல்ற பொய்யி, புருசனுக்குப் பயந்து சொல்ற பொய்யி, அத்தனையும் பாத்தாச்சு. ரிட்டயர்டு ஆகி வீட்டுல உக்காந்து டிவி பாத்துட்டுச் சாக எனக்கு இஷ்டமில்ல, வேதமூர்த்தி சாரும் அப்பிடித்தான், ஞாயித்துக்கெழமையானா இந்தத் திருப்பூர்ல இந்த மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்துல வந்து உக்காந்துக்கறோம். இலை போடற மேசையிலதான் நோயாளியப் படுக்க வெச்சுப் பாக்கறது. கை கழுவற எடத்துல ஒரு பழைய சேலையக் கயித்துல கட்டி மறைச்சிருக்கு, அதுதான் என்னோட ரூம். பீஸ் கெடையாது, மாத்திரை சும்மா. வர்றதெல்லாம் காப்பீட்டு அட்டை இல்லாத சனம். அட்டை வேணும்னா இந்த ஊர்ல ரேசன் கார்டு வேணுமாம், கார்டு ஊர்ல புருசன் பேர்ல கெடக்கும், புருசன் எங்க கெடக்கறான்னு அவளுக்கே தெரியாது. கான்ட்ராக்டர் உருப்படிக்கு இவ்வளவுன்னு பீஸ் ரேட்டுல வேலைக்கு வெச்சிருப்பான், கம்பெனி ரிஜிஸ்டர்ல அவ பேரே இருக்காது. அவ தெச்ச பனியனுக்கு ஒரு நம்பர் இருக்குது, பெட்டிக்கு ஒரு நம்பர் இருக்குது, தெச்சவளுக்கு இல்ல. இதச் சொன்னா, ‘டாக்டரம்மா கம்யூனிஸ்டு ஆயிட்டாங்க’ன்னு நாச்சிமுத்து சிரிப்பார். சிரிக்கட்டும். பல்லுதான் நல்லா இருக்குது.

இப்ப மைக்கு சிறப்பு விருந்தினருக்குப் போகுது. சேனாபதி. பெரிய கம்பெனி, ஏற்றுமதி, இந்த மண்டபத்துல பாதி அவரோடது, வெளிய கட்டியிருக்கற பேனர்ல என் மூஞ்சி வெத்தலை சைசு, அவரு மூஞ்சி வாழை இலை சைசு. கிளினிக்க நடுவுல நிறுத்திப்போட்டு இந்தப் பாராட்டு விழா. டோக்கன் வாங்கின சனமெல்லாம் கீழ பிளாஸ்டிக் சேர்ல, கைதட்டச் சொன்னாத் தட்டுதுங்க, மடியில குழந்தை, ஒரு கெழவர் கால்ல புண்ணுக் கட்டோட, ஏனுங்க, அந்தக் கட்ட அவுத்துக் கட்டிட்டாவது உங்க பொன்னாடையப் போத்தக் கூடாதா. ‘வி.ஐ.பி. வந்துட்டாருங் டாக்டர், ஒரு பத்து நிமிசம், எந்திரிச்சு வாங்க’ன்னு சேலைக்கு வெளிய நின்னு கத்தினாரு நாச்சிமுத்து, அவசரத்துலதான் அவளச் சரியாப் பாக்கல. சரியாத்தான் பாத்தேன். இமைய இழுத்துப் பாத்தேன், நாக்கப் பாத்தேன், நகத்தப் பாத்தேன், எல்லாம் செக்கச் செவேல்னு. ‘தீட்டு மூணு மாசமா நிக்கவே மாட்டேங்குதும்மா’ங்கறா. பேரு பஞ்சவர்ணம், உசிலம்பட்டிப் பக்கமாம், நாப்பது இருக்கும். ‘மூணு மாசமாவா?’ ‘ஆமாம்மா, கட்டி கட்டியா வருது. மெஷின்ல உக்காந்தாச் சேலையோட நனைஞ்சு போகுது. மாடி ஏறுனா நெஞ்சு அடைக்குது. கண்ணு இருட்டுது. பச்சரிசிய அள்ளி அள்ளித் திங்கணும் போல இருக்கு.’ அடி பாவி, மூணு மாசம் அப்பிடிப் போயிருந்தா நீ சுண்ணாம்பு மாதிரி வெளுத்து என் மேசையிலயே விழுந்திருக்கோணுமே, நாடி குதிரை மாதிரி ஓடியிருக்கோணுமே. நாடி நிதானமா நடக்குது. மேசை மேல ஏறிப் படு, பாக்கறேன்னேன். படுக்க மாட்டேன்னுட்டா. ‘வேணாம்மா, மாத்திரை மட்டும் குடுங்க, நிக்கிறதுக்கு.’ வந்துது பாருங்க எனக்கு. ‘என்ன வெளையாடறியா? வெளிய அத்தனை பேரு காத்துக் கெடக்கறாங்க, இல்லாத சீக்கச் சொல்லி என் நேரத்தத் திங்கறியே, உனக்கு மாத்திரை எதுக்கு, யார்கிட்ட விக்கப் போற?’ அப்பிடியே கேட்டேன். விக்கப் போறியான்னு கேட்டேன். என் கையப் புடிச்சுக்கிட்டா. ‘சத்தியமாம்மா, நெசமாத்தாம்மா’ன்னு. உதறிப்போட்டேன். சௌந்தரி, இவளுக்கு ஒண்ணும் குடுக்காதேன்னு நர்சுகிட்டயும் சொல்லிப்போட்டு மேடை ஏறிட்டேன்.

ஏன் படுக்க மாட்டேன்னா? வெக்கம். நாப்பது வயசுல, ஒரு கெழட்டு டாக்டரம்மா முன்னாடி, என்ன வெக்கம் வேண்டிக்கெடக்குது. ரத்தப் போக்குன்னு வர்றவ படுக்கத்தான் அவசரப்படுவா, பாருங்கம்மா பாருங்கம்மாம்பா. இவ பாக்க வேண்டாங்கறா, பாத்தா ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுடும். அப்ப மாத்திரைக்குத்தான் வந்திருக்கா. பொய்தான். சரிதான். நான் திட்டினது சரிதான். ‘எங்கள் நிறுவனத்தில் தொழிலாளர்கள் என்று யாரும் இல்லை’ங்கறாரு சேனாபதி, நிறுத்தி ஒரு மூச்சு விட்டு, ‘எல்லோரும் என் குடும்பம்.’ தட்டுங்கடா. தட்டறாங்க. சத்தத்துல வேதமூர்த்தி சார் முழிச்சுக்கிட்டார். ‘முடிஞ்சுதா குணவதி?’ன்னு காதுல கேக்கறார். ‘இல்லீங் சார், தூங்குங்க.’ தூங்கல. ‘என்ன மூஞ்சி இப்பிடி இருக்குது, யாரக் கடிச்சே?’ ‘ஒருத்தி வந்தா சார், மூணு மாசமா ரத்தம் போகுதுங்கறா, இமை செகப்பா இருக்குது.’ ‘அப்பப் போகல.’ ‘அதத்தான் நானும் சொல்றேன்.’ ‘அப்பறம் என்ன?’ அப்பறம் என்ன. அதான சார், அப்பறம் என்ன. ‘அந்தப் பச்சரிசிதான் சார் ஒதைக்குது’ன்னேன். அவரு கண்ண மூடிக்கிட்டே, ‘பச்சரிசியெல்லாம் பொய் சொல்றவளுக்குத் தெரியாதும்மா, அது தின்னு பாத்தவளுக்குத்தான் தெரியும்’னுட்டு மறுபடியும் சாஞ்சுட்டார்.

தின்னு பாத்தவளுக்குத்தான் தெரியும். இல்லாட்டி பக்கத்துல உக்காந்து அவ திங்கறதப் பாத்தவளுக்கு. ரத்தம் கொறஞ்சு போனா மண்ணு, சாம்பல், சாக்பீஸு, அரிசின்னு கை தானாப் போகும், புஸ்தகத்துல இருக்கறது, இவ எந்தப் புஸ்தகத்தப் படிச்சா. கட்டி கட்டியான்னு சொல்றப்ப விரலால அளவு காட்டினா. நெஞ்சு அடைக்குதுன்னு சொல்றப்ப அவ நெஞ்சுல கைய வெக்கல. ஆமா. வெக்கவே இல்ல. அங்க எங்கயோ கையக் காட்டினா, கதவுப் பக்கம். ‘மெஷின்ல உக்காந்தா’ன்னா. மெஷின். என் கையப் புடிச்சாளே, அந்தக் கை, மணிக்கட்டு வரைக்கும் நீலம், நகத்துக்குள்ள நீலம், ஒதறின பொறவு என் கையில ஒட்டியிருக்கான்னு நானே ஒரு தடவை பாத்தேன். அது சாயப்பட்டறைக் கை. சாயப்பட்டறையில மெஷின்ல யாரு உக்கார்றது, அங்க பூராவும் நின்னுகிட்டுல்ல வேலை. உக்காந்து தெக்கிறவளுக்கு விரல் நுனியில ஊசித் தழும்பு இருக்கும், கை வெள்ளையா பஞ்சு தூசி படிஞ்சு இருக்கும், இந்த ஊர்ல சின்னக் கொழந்தை கூட கையப் பாத்து இன்ன வேலைன்னு சொல்லிப்போடும். இத்தனை வருசம் இந்த ஊர்ல கெடந்து கையப் பாக்காம இமையப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். மெஷின்ல உக்கார்றவ வேற ஒருத்தி. கட்டி கட்டியாப் போறது அவளுக்கு. அரிசி திங்கறது அவ. இவ அவளுக்காக வந்தவ. அட கெரகமே. அட என் புத்தியில மண்ண அள்ளிப் போட.

அப்ப வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன, அம்மா எனக்கில்ல இன்னாருக்குன்னு. சொல்ல முடியாது. சொன்னா வெளிய தள்ளியிருப்பேன். நான்தான் எழுதிப் போட்டிருக்கேன், வாசப்படிக்கு நேரா, கொட்டை எழுத்துல, ‘நோயாளி நேரில் வந்தால் மட்டுமே மருந்து.’ என்னோட சட்டம். பக்கத்து வீட்டுக்காரருக்குன்னு ஒருத்தர் சர்க்கரை மாத்திரை வாங்கிட்டுப் போயி அவரு மயங்கி விழுந்து, அதுக்கப்பறம் போட்ட சட்டம், தப்பான சட்டமில்ல, இன்னைக்கும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதப் படிச்சுப்போட்டுத்தான் அந்தப் பொம்பள தங்கச்சியோ அக்காவோ ஒருத்தியோட சீக்கத் தன் ஒடம்புல ஏத்திக்கிட்டு வந்து என் முன்னாடி உக்காந்திருக்கா, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிக்கிட்டு, என்ன கேட்டாலும் சொல்றாப்புல, இமைய இழுத்துப் பாப்பேன்னு மட்டும் அவளுக்குத் தெரியல. அத மட்டும் கடன் வாங்கிட்டு வர முடியாதில்ல. நான் அவள விக்கப் போறியான்னு கேட்டேன். நாக்கு அழுகாதா எனக்கு. மூணு மாசம். மூணு மாசம் கட்டி கட்டியாப் போயிட்டிருக்கு, அவ இன்னும் எங்கயோ மெஷின்ல உக்காந்திருக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம, ஹீமோகுளோபின் நாலு இருக்குமோ மூணு இருக்குமோ, இந்த மாதிரிக் கேசு நடந்து வந்து பெஞ்சுல உக்காந்து தண்ணி கேட்டு, தண்ணி வர்றதுக்குள்ள போயிருக்கு, என் வார்டுலயே போயிருக்கு. இவ போயிட்டாளா? சனத்துல மஞ்சச் சேலை எங்க, மஞ்சளா பச்சையா, சேலையக் கூடப் பாக்கல நான். எந்திரிச்சுப் போகோணும். முன்னாடி போட்டோக்காரன் குத்த வெச்சு உக்காந்திருக்கான், தள்ளுடா.

‘அம்மா, எங்கீங்க, பொன்னாடை!’ன்னு நாச்சிமுத்து தோளப் புடிச்சு அமுக்கறார். ஜரிகை போட்ட பட்டுத் துணி, கழுத்துல குத்துது, சேனாபதி போத்தறாரு, என்னையப் பாக்காம கேமராவப் பாத்துப் போத்தறாரு. ரெண்டு வார்த்தை பேசுங்கம்மான்னு மைக்க நீட்டறாங்க. பேசறேன். பேசாம விடுவேனா. ‘பஞ்சவர்ணம்’னேன். ‘உசிலம்பட்டி பஞ்சவர்ணம், என்கிட்டத் திட்டு வாங்கிட்டுப் போனியே, எங்கிருந்தாலும் எந்திரி. ஓடீராத. உன்னையத் திட்டறதுக்குக் கூப்பிடல.’ கையத் தூக்கினா. சாப்பாட்டுக் கூடத்துக் கதவுகிட்ட, சௌந்தரி பக்கத்துல நின்னு இன்னும் கெஞ்சிட்டுத்தான் இருந்திருக்கா. பச்சைச் சேலை. மேடை ஏறி வான்னேன், மாட்டேன்னு தலையாட்டறா, நான் எறங்கினேன், பொன்னாடையோட, மைக்கு வாயக் கட்டை விரலால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு. பக்கத்துல போயி மெல்லக் கேட்டேன், ‘யாருக்கு?’ அழுகை முட்டிக்கிட்டு வருது அவளுக்கு. ‘தங்கச்சிக்கும்மா. தனபாக்கியம்.’ ‘ஏன் கூட்டிட்டு வரல?’ ‘ஷிப்மென்ட்டும்மா. ஞாயித்துக்கெழமையும் வேலை. லீவு கேட்டா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவாக. காலையில போறப்பவே செவுத்தப் புடிச்சுக்கிட்டுத்தாம்மா போனா. பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போனேன், அட்டை இருக்கான்னாக, இல்லன்னதும் அந்தப் பக்கம் உக்காருன்னுட்டாக.’ ‘எந்தக் கம்பெனி?’ கேட்டேன், மறுபடியும் கேட்டேன். அவ கண்ணு மட்டும் என் தோளுக்கு மேல போயி மேடையில நின்னுது. திரும்பிப் பாத்தேன். சேனாபதி மாலையச் சரி பண்ணிட்டு நிக்கறாரு. ‘சொல்லீராதீகம்மா. அவுகளுக்குத் தெரிஞ்சாத் தொலச்சுப்புடுவாக.’

அடப்பாவி மனுசா. குடும்பமா. குடும்பத்துல ஒருத்தி உள்ள செத்துட்டு இருக்கா, நீ இங்க நின்னு மாலையச் சரி பண்றே. மைக்கு கையில இருக்குது, கட்டை விரல எடுத்தாப் போதும், நாறடிச்சுப்போடுவேன் உன்னைய, உன் பேனரு, உன் வாழை இலை மூஞ்சி, எல்லாத்தையும், இந்தச் சனம் பூராவும் கேக்கட்டும். வாய் வரைக்கும் வந்துருச்சு. நல்லாக் கிழிச்சுப்போட்டு வீட்டுக்குப் போயி நான் நிம்மதியாச் சோறு திம்பேன். நாளைக்குத் தனபாக்கியத்துக்கு மெஷின் இருக்காது. அதுக்கு மேல, கம்பெனி கேட்டத் தொறக்கச் சொல்றது யாரு, இவரு சொன்னாத்தான வாட்ச்மேன் தொறப்பான். முழுங்கினேன். என் ஆயுசுல எதையும் முழுங்கினதில்ல நான், சூப்பிரண்டு முன்னாடி முழுங்கினதில்ல, கட்டினவர் முன்னாடி முழுங்கினதில்ல. கட்டை விரல எடுத்துச் சொன்னேன், ‘எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. சேனாபதி சார் இப்பத்தான் சொன்னாரு, தொழிலாளிங்க எல்லாம் அவரு குடும்பம்னு. சும்மா மேடைப் பேச்சில்லீங்க அது. அவரு கம்பெனியில ஒரு பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லையாம், அவருக்கே இப்பத்தான் தெரிஞ்சுது, தெரிஞ்ச ஒடனே தன்னோட கார்லயே என்னைய அனுப்பி அவளக் கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்றாரு. அவ தேறி வர்ற வரைக்கும் அவ மெஷின யாரும் தொட மாட்டாங்கன்னு வாக்குக் குடுக்கறாரு. இந்த மனசு யாருக்குங்க வரும்? கை வலிக்கத் தட்டுங்க.’ தட்டினாங்க பாருங்க. புண்ணுக் கால் கெழவர் எந்திரிச்சு நின்னே தட்டறார். போட்டோக்காரன் ஓடிப் போயி சேனாபதி மூஞ்சிகிட்ட லைட்ட அடிக்கறான். அவரு லைட்டப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, ‘ஆமாங்க, ஆமாங்க’ன்னாரு. ‘போன் பண்ணிச் சொல்லிருங் சார், தனபாக்கியத்தக் கேட்டுக்கு அனுப்பச் சொல்லி’ன்னேன் மைக்குலயே. எல்லாரும் பாக்கப் பாக்கப் போன் பண்ணினாரு. வேதமூர்த்தி சார் மேடையில உக்காந்துட்டு என்னையப் பாத்து ஒத்தைக் கண்ணச் சிமிட்டறார். தூங்கவே இல்ல, திருட்டுக் கெழவன்.

கார்ல சீட்டுக்கெல்லாம் வெள்ளை உறை. பஞ்சவர்ணம் நுனியில உக்காந்திருக்கா, நீலக் கைய மடியில ஒளிச்சுக்கிட்டு. வழியெல்லாம் கோவம் எறங்கவே மாட்டேங்குது, என் மேல ஒரு பங்கு, சேனாபதி மேல ஒரு பங்கு, இந்த ரோட்டுப் பள்ளத்து மேல கூட. பொணத்தப் பாக்கத்தான் போறேனோன்னு ஒரு நெனப்பு குறுக்க வருது, அத நெனக்கக் கூடாதுன்னு டிரைவரத் திட்டறேன், மெதுவாப் போறான்னு, வேகமாப் போறான்னு. என் பழைய வார்டுல டியூட்டியில எவ இருக்கான்னு தெரியல, எவளா இருந்தாலும் என் குரலக் கேட்டாப் பயப்படுவா, போன் போட்டு ரத்தம் எடுத்து வையி, குரூப் தெரியாது, வந்து சொல்றேன், அட்டை கெட்டைன்னு எவனாச்சும் கேட்டா என்னையக் கேக்கச் சொல்லுன்னு கத்தினேன். கம்பெனி கேட்டு தொறந்திருக்கு. செவுத்தோரமா ஒருத்தி நிக்கறா, ஒரு கையால கம்பியப் புடிச்சுக்கிட்டு, சேலை முந்தானைய இழுத்துப் பின்பக்கம் சுத்தி மறைச்சுக்கிட்டு, முந்தானையில பஞ்சுத் தூசி. நான் எறங்கி கிட்டப் போனேன். ஒண்ணும் கேக்கல. கட்டை விரலால கீழ் இமைய இழுத்தேன். வெள்ளை. உள்ள ஒரு சொட்டுச் செகப்பு இல்ல. மணிக்கட்டுல கை வெச்சா எண்ண முடியல, அப்பிடி ஓடுது. அவ என்ன சொல்றாங்கறீங்க, மூச்சு வாங்கிட்டு, ‘மன்னிச்சுக்கங்கம்மா, நேர்ல வர முடியல’ங்கறா. என்கிட்ட. என் போர்டு இவ வரைக்கும் வந்திருக்குது. கார்க் கதவத் தொறந்து விட்டா ஏற மாட்டேங்கறா, சீட்டப் பாக்கறா, அக்காளப் பாக்கறா, ‘வெள்ளையா இருக்கும்மா, கறை ஆயிரும், நான் ஆட்டோவுல வாரேன்’ங்கறா. கழுத்துல இருந்த பொன்னாடைய உருவினேன், ஜரிகை உள்ள போற மாதிரி ரெண்டா மடிச்சுச் சீட்டுல விரிச்சேன். ‘வாய மூடிட்டு ஏறு கண்ணு’ன்னேன்.